தாசில்தாரின் இடது காது

நாய் திரும்பி வந்துவிட்டது, பையன் வரவில்லை. எண்பத்து மூன்றாம் வருஷம் அப்பாசாமியின் குடும்பத்தில் நடந்ததை இப்படி ஒரே வரியில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் ஒரே வரியில் முடிகிற துக்கம் யாருக்கும் வாய்ப்பதில்லை. அப்பாசாமிக்கும் வாய்க்கவில்லை.

அப்பாசாமி ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டைம் கீப்பர். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் காக்கிச் சட்டையும் வாயில் விசிலுமாக நின்றுகொண்டு, புறப்பட மனசில்லாத பஸ்களைப் புறப்பட வைப்பது அவர் வேலை. அவர் விசில் ஊதினால் டிரைவர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவருவார்கள். வீட்டில் அந்த விசிலுக்கு மதிப்பு கம்மி. வீட்டில் இருந்தது மனைவி தங்கம்மாளும் ஒரே பிள்ளை காசியும். காசி காலேஜில் சேர்ந்தான். தனக்குச் சொல்லிக்கொடுக்க அங்கே யாரிடமும் சரக்கு இல்லை என்று ரெண்டாம் வருஷமே கண்டுபிடித்து வீட்டோடு வந்துவிட்டான். வரும்போது ஒரு நாய்க்குட்டியையும் கூட்டிவந்தான். காலேஜுக்குப் போனதற்கு அத்தாட்சியாக அவனிடம் இருந்தது அது ஒன்றுதான்.

கன்னங்கறுப்பு நாய். வலது முன்னங்கால் மட்டும் வெள்ளை சாக்ஸ் மாட்டிய மாதிரி இருக்கும். இடது காதில் பாதியைக் குட்டியாக இருந்தபோதே ஒரு பஸ் கதவு எடுத்துக்கொண்டது. ஊரில் ஆயிரம் கறுப்பு நாய் இருக்கலாம், அந்தக் காதும் அந்தக் காலும் சேர்ந்த நாய் வேறு கிடையாது. காசி அதற்குத் தாசில்தார் என்று பேர் வைத்தான்.

"ஏண்டா, வைக்கறதுக்கு வேற பேரே கெடைக்கலையா?" என்று அப்பாசாமி கேட்டார்.

"நாள் பூரா ஒரே எடத்துல உக்காந்துருக்குது. கூப்புட்டா எழுந்து வர்றதில்ல, நாமதான் போய்ப் பாக்கணும். வேற இன்னா பேரு வைக்கச் சொல்றீங்க?"

ஒருநாள் சாயங்காலம், "தாசில்தார்! மூஞ்சிய நக்காத, எறங்குடா கீழ!" என்று காசி வாசலில் கத்திக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, நிஜமான தாசில்தாரின் ஜீப் தெருவுக்குள் வந்தது. வந்த ஜீப் நின்றது. உள்ளே இருந்தவர் காசியைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், திண்டாடிக்கொண்டு நின்ற காக்கிச் சட்டையையும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். திட்டியிருந்தால் அப்பாசாமி அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். சொல்லாமல் போனதால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் காசி மேட்னி ஷோவுக்குப் போயிருந்தபோது, நாயைச் சாக்கில் கட்டித் திருக்கோவிலூர் பஸ்ஸின் மேல் ஏற்றினார். "ஆத்துக்கு அந்தாண்ட எங்கியாச்சும் வுட்டுடு," என்று கண்டக்டரிடம் சொன்னார். சாயங்காலம் காசி கேட்டதற்கு, "கதவு தெறந்துருந்துச்சு, தானா ஓடிப்போச்சு," என்றார்.

கண்டக்டர்கள் சில்லறையைத்தான் கையை விட்டு விடமாட்டார்கள், விஷயத்தை விட்டுவிடுவார்கள். மறுநாள் காலையிலேயே காசிக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. நாய்ச் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான். "நாய் கெடச்சா வீட்டுக்கு வர்றேன். கெடைக்கலனா வரமாட்டேன்," என்று அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு, அதே திருக்கோவிலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தான். இறங்கச் சொல்ல அப்பாசாமிக்கு வாய் வரவில்லை. வாயில் விசில் இருந்தது. பஸ் நேரத்துக்குக் கிளம்ப வேண்டும். ஊதினார்.

அந்த வாரக் கடைசியிலேயே நாய், ஆற்றைத் தாண்டி, காலெல்லாம் முள்ளாக, நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. வீட்டுக்கு வரவில்லை. திருக்கோவிலூர் பஸ் வந்து நிற்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டது. வருகிற பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒவ்வொருத்தரையும் ஏற இறங்கப் பார்க்கும், பார்த்துவிட்டுப் படுத்துவிடும். அதற்குக் கொஞ்சம் தள்ளி விசிலோடு அப்பாசாமி. ரெண்டு பேரும் ஒரே ஆளுக்காகத்தான் காத்திருந்தார்கள். பேச்சுவார்த்தை மட்டும் கிடையாது.

தங்கம்மாளும் புருஷனோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். சோற்றுத் தட்டை வைக்கிற சத்தத்தில் அவள் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிவிடுவாள். அப்பாசாமி பேப்பரில் விளம்பரம் கொடுத்தார். 'காசி, நாய் வந்துவிட்டது. நீயும் வா.' வேறு யாராவது படித்திருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார்கள். யாருக்காகக் கொடுத்தாரோ அவனும் படித்தான் என்பது ஜானி பாஷா வந்து சொன்னபோதுதான் தெரிந்தது.

ஜானி பாஷா எதிர் வீட்டுக்காரர், லாரி டிரைவர். காசியைத் தோளில் தூக்கி வளர்த்தவர். ஒரு மத்தியானம் லாரியை நிறுத்திவிட்டு நேரே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்.

"அண்ணே, நம்ம காசியப் பாத்தேன். விழுப்புரத்துல ஒரு டீக்கடையாண்ட நின்னு பேப்பர் படிச்சிக்கினு இருந்தான். கையில சங்கிலி. சங்கிலியில நாய்தான் இல்ல."

"நாய் வந்துருச்சுனு சொன்னியா?"

"சொல்லாம இருப்பனா? நம்ப மாட்டேங்கறான்ணே. 'எங்கப்பா சொல்லி அனுப்புனாரா பாய்? வெளம்பரத்தையும் பாத்தேன். தானா ஓடிப்போச்சுனு சொன்ன வாய்தானே, தானா வந்துடுச்சுனும் சொல்லும்'ங்கறான்."

"வேற இன்னா சொன்னான்?"

"'கண்ணால பாத்தா மறு பஸ்ஸுல வர்றேன்'னான். இருடா, லோடை எறக்கிட்டு வந்து உன்னை இட்டுக்கினு போறேன்னு சொல்லிட்டுப் போனேன். திரும்பி வர்றதுக்குள்ள ஏதோ ஒரு பஸ்ஸுல ஏறிட்டான். எந்த ஊருனு தெரியல."

"பஸ்ஸை டயத்துக்கு எடுத்துருப்பான்," என்றார் அப்பாசாமி.

ஜானி பாஷாதான் அந்த நோட்டீஸையும் காட்டினார். செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் வாடகை வீட்டில் இங்கிரிட் அம்மா என்று ஒரு வெள்ளைக்காரம்மா இருந்தார். வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, அடிபட்ட மாட்டுக்கும் சொறி பிடித்த நாய்க்கும் மருந்து போடுவார். அதற்கு ஒரு கொட்டகை கட்ட நிதி சேர்க்க வேண்டும் என்று, நாயோடு நடக்கிற பந்தயம் ஒன்றை அறிவித்திருந்தார். ஓடக் கூடாது, நடக்க வேண்டும். ஆசிரமத்துக்குப் பக்கத்திலிருந்து கிளம்பி மலை சுற்றும் பாதையில் அடி அண்ணாமலை வரைக்கும். ஊரில் இதற்கு முன்னால் இப்படி ஒன்று நடந்ததில்லை. சாமிக்காக மனுஷன் நடப்பான், மனுஷனுக்காகச் சாமி வீதி உலா வரும். நாய்க்காக நாயே நடப்பது புதுசு. அதனால் படம் பிடிக்க மெட்ராஸிலிருந்து பேப்பர்க்காரர் வருகிறார் என்று நோட்டீஸின் அடியில் போட்டிருந்தது.

அப்பாசாமி அந்தக் கடைசி வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தார்.

"ஸ்டுடியோவுல படம் புடிச்சுக் குடுங்கண்ணே, நான் லாரியில வச்சிருக்கேன்," என்றார் ஜானி பாஷா.

"அவன் எந்த ஊருலன்னு யாருக்குத் தெரியும்? ஸ்டுடியோ படத்தைப் பாத்தா பழைய படம்பான். பேப்பர்னா எல்லா ஊரு டீக்கடைக்கும் அதுவே போவும். தேதி போட்டிருக்கும். பேப்பர் படிக்காம அவன் டீ குடிக்க மாட்டான்." நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நான் சொன்னாத்தான் நம்ப மாட்டான். பேப்பர் சொன்னா நம்புவான்," என்றார்.

பேர் கொடுக்கப் போனபோது இங்கிரிட் அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்டார். "நாயின் பெயர் என்ன?"

"நாய்தாங்க."

"நாயின் பெயர் நாய்?"

அப்பாசாமி பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தாசில்தார்ங்க."

அந்த அம்மா தமிழைப் புஸ்தகத்தில் படித்தவர், மரியாதைக் குறைவாகப் பேச வராது. "தாசில்தார் அவர்கள் தடுப்பு ஊசி போட்டிருக்கிறாரா?" என்று கேட்டார். இல்லை என்றதும் அவரே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து போட்டுவிட்டார். தாசில்தார் அவர்கள் உறுமினார்.

பஸ் ஸ்டாண்டைப் பொறுத்தவரையில் பழக்குவது என்பது அப்பாசாமிக்குப் பெரிய விஷயமில்லை. எத்தனையோ புது டிரைவர்களைப் பழக்கியிருக்கிறார். ஜானி பாஷா கொடுத்த தார்ப்பாய்க் கயிற்றை நாயின் கழுத்தில் கட்டி இழுத்தார். நாய் எழுந்திருக்கவில்லை. பிஸ்கட் காட்டினார். தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டது. "ஏய்," என்றார், "நாயே," என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு விசில் ஊதினார். செங்கம் பஸ் கிளம்பிவிட்டது. நாய் கிளம்பவில்லை.

பந்தயப் பாதைக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை. ஒவ்வொரு தெருவும் ஒவ்வொரு நாய்க் கூட்டத்துக்குச் சொந்தம். பஸ் ஸ்டாண்டு நாயைத் தேரடித் தெரு நாய்கள் உள்ளே விடாது. தேரடித் தெருவைத் தாண்டினால் செங்கம் ரோட்டு நாய்கள். மலையைச் சுற்றி வருகிற சாமியார்களுக்குக்கூட இத்தனை தடங்கல் கிடையாது. ஐம்பது வயசைத் தாண்டிய ஒரு டைம் கீப்பர் காக்கிச் சட்டையோடு ஒரு கறுப்பு நாயைத் தோளில் போட்டுக்கொண்டு, பின்னாலேயே பத்துப் பன்னிரண்டு நாய்கள் குரைத்துக்கொண்டு வர, விடியற்காலையில் ஓட்டமும் நடையுமாகப் போவதை ஊர் பார்த்தது.

"இன்னா அப்பாசாமி, பஸ்ஸு ரிப்பேரா?" என்று பால்காரர் ஒருத்தர் சைக்கிளிலிருந்தே கேட்டார்.

ஒருநாள் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவரிடம் தங்கம்மாள், ஐந்தாறு மாசத்துக்கப்புறம் முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"பேரைச் சொல்லிக் கூப்புடுங்க."

"யாரை?"

"என்னியா கூப்புடுவீங்க? நாயைத்தான். அவன் அப்படித்தான் கூப்புடுவான். வேற எப்படிக் கூப்புட்டாலும் அதுக்குத் தெரியாது."

அப்பாசாமி தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். அந்தப் பேருக்காகத்தான் சாக்கில் கட்டியது. அந்தப் பேரைத் தன் வாயால் சொல்வதற்குப் பதில் இன்னும் ஒரு வாரம் தோளில் சுமக்கலாம் என்றுதான் நினைத்தார். தோள் ஒத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் விடியலில், ஆசிரமத்தைத் தாண்டிப் புளியமரங்கள் இருக்கிற இடத்தில், நாயை இறக்கிவிட்டார். அது உடனே படுத்துக்கொண்டது. ரோட்டில் யாரும் இல்லை. மரத்தில் ஒரு மயில் இருந்தது, அது வெளியே சொல்லாது என்று தோன்றியது.

"தாசில்தார்," என்றார்.

நாய் எழுந்து நின்றது. பாதிக் காது நிமிர்ந்தது. முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தது. பார்த்துவிட்டு அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தது, இந்தப் பக்கம் வந்து பார்த்தது. கூப்பிட்டவன் எங்கேயோ ஒளிந்துகொண்டிருக்கிறான் என்று நினைத்துவிட்டது. அப்பாசாமி கயிற்றைப் பிடித்துக்கொண்டு அது தேடி முடிக்கிறவரை நின்றார். பிறகு இன்னொரு தடவை கூப்பிட்டார். வேறு வழியில்லாமல் நாய் அவரோடு நடந்தது.

அதற்கப்புறம் தினமும் நடந்தார்கள். நாய் நடந்ததே தவிர ஒட்டவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் பேரைச் சொன்னதும் அவருக்குப் பின்னால் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் கிளம்பும். அப்பாசாமி செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார், மலை சுற்றுகிற பாதையில் செருப்போடு நடந்து பழக்கமில்லை. நடந்துகொண்டே, காசி வந்தால் முதலில் என்ன சொல்வது என்று யோசிப்பார். மன்னிச்சுடுடா என்று ஒரு அப்பன் சொல்லி அவர் கேட்டதில்லை. 'சாப்டியா?' என்று கேட்கலாம். அதற்கு மேல் ஒன்றும் அகப்படவில்லை. சரி, அதையே நன்றாகக் கேட்கலாம் என்று முடிவு செய்து, "சாப்டியா?" என்று சொல்லிப் பார்த்தார். நாய் பிஸ்கட்டுக்காக நின்றது.

"எந்த நாளு பந்தயம்?" என்று கேட்டாள் தங்கம்மாள்.

"வர்ற ஞாயித்துக்கெழம."

அவள் தினசரிக் காலண்டரின் தாள்களை நிமிர்த்திப் பார்த்தாள். "தேய்பிறை அஷ்டமி."

"அப்ப பஸ்ஸுல கூட்டம் கம்மியாத்தான் இருக்கும்," என்றார் அப்பாசாமி. அஷ்டமி என்றால் அவருக்கு அவ்வளவுதான். பைரவருக்கு உகந்த நாள் என்பதும், பைரவருக்கு வாகனம் நாய் என்பதும் அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்ததையெல்லாம் வேண்டிய நேரத்தில் நினைத்துக்கொள்கிறவர்களாக இருந்தால் ஊரில் பாதிக் கஷ்டம் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாயைச் சிவப்பு சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினார். ஜானி பாஷா தள்ளி நின்றார். "அண்ணே, ஒதறப் போவுது, அந்தப் பக்கம் திருப்பிக்குங்க. நான் தொழுவப் போவணும், ஈரம் மேல பட்டுச்சுன்னா மறுபடி குளிக்கணும்." தள்ளி நின்றபடியே யோசனை மட்டும் ஜாஸ்தியாகச் சொன்னார். "காதாண்ட நல்லா தேய்ங்க. அந்தக் காலு வெளுப்பா தெரியணும். காதும் காலும் தெரிஞ்சா போதும்ணே, பையன் அன்னைக்கே பஸ் ஏறிடுவான்."

தேங்காய் எண்ணெய் தடவியதும் நாய் பளபளவென்று புது டயர் மாதிரி ஆகிவிட்டது. பாதிக் காது தனியாக எடுப்பாகத் தெரிந்தது. வெள்ளைக் கால் சலவைக்குப் போய் வந்த மாதிரி இருந்தது. இத்தனை மாசத்தில் முதல் தடவையாக அப்பாசாமி சிரித்தார் என்று ஜானி பாஷா பிறகு சொல்வார். தங்கம்மாளைக் காணவில்லை. கோயிலுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

அஷ்டமியில் எதையும் தொடங்கக் கூடாது என்று பேர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை. வந்தது ஒரு டாக்டர் வீட்டு பொமரேனியன், ஒரு ரைஸ்மில்காரரின் வேலையாளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்த அல்சேஷன், ஆசிரமத்துப் பக்கத்து வெள்ளைக்காரர்கள் சாந்தி, ஆனந்தம் என்றெல்லாம் பேர் வைத்திருந்த ஏழெட்டுத் தெருநாய்கள். சாந்தியும் ஆனந்தமும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்தன. கொடி அசைத்துத் தொடங்கிவைக்க மேடையில் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். அப்பாசாமி நிமிர்ந்து பார்த்தார். தாசில்தார். ஜீப்பில் பார்த்த அதே முகம்.

கூட்டத்தையும் மைக் சத்தத்தையும் கேட்டு நாய் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. எல்லாரும் கோட்டில் வந்து நின்றாயிற்று. அப்பாசாமி குனிந்து அதன் காதில் மெதுவாகப் பேரைச் சொன்னார். பாதிக் காதில் பாதிதான் விழுந்ததோ என்னவோ, அசையவில்லை. கோட்டிலிருந்தவர்கள் அவரையே பார்த்தார்கள். பையனை நினைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

"தாசில்தார்!"

பஸ் ஸ்டாண்டுக் குரல். மைக் நின்றுபோயிற்று. மேடையில் இருந்தவர் எழுந்தார். நாயும் எழுந்தது.

"சொல்லுங்க," என்றார் தாசில்தார்.

அப்பாசாமிக்கு உள்ளங்காலில் வேர்த்தது. "கெளம்பலாமுங்களா?"

தாசில்தார் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆமாமா, டயமாச்சு," என்று கொடியை அசைத்தார்.

அன்றைக்கு நாய் நடந்த மாதிரி என்றைக்கும் நடக்கவில்லை. கயிறு தொய்ந்து தொங்கியது, இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. வலது பக்கத்தில் மலை கூடவே வந்தது. சாந்தியும் ஆனந்தமும் பின்தங்கின. அல்சேஷன் ஒவ்வொரு புளியமரத்தையும் விசாரித்துக்கொண்டு வந்ததில் அதுவும் பின்னால் போயிற்று. போட்டோக்காரர் அடி அண்ணாமலையில் முடிவுக் கோட்டில் இருக்கிறார் என்று சொன்னார்கள். முதலில் வருகிற நாயைக் கட்டாயம் எடுப்பார். பேர், ஊர், காது, கால் எல்லாம் பேப்பரில் வரும். வாழ்க்கையில் ஒரு தடவையாவது போக வேண்டிய இடத்துக்கு நேரத்தில் போய்ச் சேரப்போகிறோம் என்று டைம் கீப்பருக்குத் தோன்றியது.

முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், ரோட்டோரத்தில் சின்னதாக ஒரு பைரவர் கோயில். அஷ்டமிக் கூட்டம், எல்லாம் பெண்கள். முன்னால் தாம்பாளத்தோடு தங்கம்மாள் நின்றிருந்தாள்.

"இன்னாது இது?" என்றார் அப்பாசாமி.

"காசி வந்துட்டா வாகனத்துக்கு மாலை போடறேன்னு பைரவருக்கு வேண்டிக்கினு இருந்தேன். முன்னாடியே போட்டுட்டா அவரால தட்ட முடியாதுல்ல?" குனிந்து நாயின் நெற்றியைத் துடைத்தாள். "ஊரே பாக்கப் போவுது. பொட்டு இல்லாமலா புள்ளையைப் படம் புடிக்க அனுப்புவாங்க?"

"காது தெரியணும் தங்கம்."

"தெரியும், தெரியும்."

சின்னப் பொட்டுதான். கழுத்தில் ஒரு சாமந்தி மாலை. காது தெரிந்தது, காலும் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். இத்தனை மாசம் கழித்துச் சிரிக்கிறவளிடம் வேண்டாம் என்று சொல்ல அப்பாசாமியால் முடியவில்லை. நின்றார். நின்றதுதான் தப்பு.

"கறுப்பு நாயிடி! அஷ்டமியும் அதுவுமா பைரவரு நடந்தே வந்துட்டாரு!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

அவ்வளவுதான். ஒருத்தி மஞ்சளைக் கரைத்து முதுகிலிருந்து கால்வரை வழிய ஊற்றினாள். ஒருத்தி சந்தனத்தை முகமெல்லாம் அப்பினாள். ஒரு கிழவி காலைத் தொட்டுக் கும்பிட்டு, வெள்ளைக் காலாகப் பார்த்து முழங்கால்வரை குங்குமத்தைப் பூசினாள். "அம்மா, அம்மா, காலு தெரியணும்மா!" என்று அப்பாசாமி கத்தினார். "ஐயாவுக்கு அருள் வந்துடுச்சு," என்று சொல்லி அவர் நெற்றியிலும் விபூதியை வைத்தார்கள். பூசாரி தன் பங்குக்குப் பரிவட்டத்தை எடுத்து வந்து நாயின் தலையைச் சுற்றி, ரெண்டு காதும் உள்ளே போகும்படி, பெரிய மனுஷனுக்குக் கட்டுகிற மாதிரி அழுத்திக் கட்டினார். கடைசியில் வடை மாலை வந்தது. நாய் அப்படியே உட்கார்ந்து மாலையை ஒவ்வொன்றாகத் தின்னத் தொடங்கிற்று. பொமரேனியன் பக்கத்தில் போயிற்று. அல்சேஷன் போயிற்று. சாந்தி, ஆனந்தம் எல்லாம் போயிற்று.

"தாசில்தார்! எழுந்திரு! தாசில்தார்!" அப்பாசாமி அழாத குறையாகக் கூப்பிட்டார். வாய் நிறைய வடையோடு இருக்கிற நாய்க்கு எந்தப் பேரும் காதில் விழாது.

முடிவுக் கோட்டிலிருந்து ஒரு ஆள் கேமராவோடு ஓடிவந்தார். "சார், சூப்பர் சார்! இதான் சார் படம்! அப்படியே இருங்க!"

"இருங்க, இருங்க தம்பி, ஒரு நிமிஷம்." அப்பாசாமி பரிவட்டத்தின் முடிச்சைப் பிடித்தார். எண்ணெய்க் கையில் முடிச்சு வழுக்கியது.

"கையை எடுங்க சார், மறைக்குது."

"காது தம்பி, காதை மட்டும்..."

"கடைசிப் படம் சார், ரோல் அவ்வளவுதான்."

கிளிக் என்றது. அதற்கப்புறம் முடிச்சு அவிழ்ந்தது.

படம் பேப்பரில் வந்தது. நல்ல பெரிய படமாகவே வந்தது. கறுப்பு வெள்ளைப் பேப்பரில் மஞ்சளும் சந்தனமும் வெள்ளையாக விழும், குங்குமம் கறுப்பாக விழும். நாய் முழு வெள்ளையாக இருந்தது. வலது முன்னங்கால் மட்டும் கறுப்பு சாக்ஸ் மாட்டிய மாதிரி இருந்தது. தலையில் பரிவட்டம். அப்பாசாமியின் தலையை வெட்டிவிட்டு, கயிற்றைப் பிடித்த கையை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அடியில், 'திருவண்ணாமலையில் பைரவர் வாகனத்துக்குப் பக்தர்கள் மரியாதை' என்று போட்டிருந்தது. பந்தயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தங்கம்மாள் படத்தைப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குது," என்றவள் பேப்பரைக் கிட்டே கொண்டுவந்து பார்த்துவிட்டு, "இது யாரு நாயி?" என்றாள். கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பாசாமி அவளைக் குறை சொல்லியிருக்கலாம். சொல்ல அவருக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? தினமும் வேலைக்குப் போனார், விசில் ஊதினார். வளர்த்தவனுக்கு அந்த நாயின் கண்ணைப் பார்த்தே தெரிந்திருக்கும் என்று உள்ளுக்குள் ஒரு சின்ன நினைப்பு இருந்தது. ஜானி பாஷா வருகிறவரைக்கும் இருந்தது.

ஜானி பாஷா வந்து வாசலிலேயே நின்றார். நாய் இப்போது வீட்டுக்கு வரத் தொடங்கியிருந்தது, கட்டிலடியில் படுத்திருந்தது.

"சொல்லு ஜானி."

"சேலத்துல பாத்தேன்ணே. டீக்கடையில அந்தப் பேப்பரத்தான் கையில வச்சிருந்தான். 'டேய், அது உன் நாயிதான்டா'னு சொன்னேன். சிரிச்சான்."

"சிரிச்சானா?"

"'பாய், எங்கப்பா உங்களையும் பொய் சொல்ல வச்சுட்டாரா? இது வெள்ளை நாயி, கறுப்புக் காலு. நம்ம நாயி இதுக்கு நேர் மாறு'னான். மஞ்சாத் தண்ணிடா, குங்குமம்டானு நானும் எவ்வளவோ சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பொய் சொல்ற மாதிரி இருந்துச்சுண்ணே."

தங்கம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டாள். "அப்பறம்?"

"'வேற நாயைக் காட்டி வரவழைக்கப் பாக்கறாருன்னா, நம்ம நாயி உசுரோட இல்லன்னுதான அர்த்தம்? இனிமே தேட மாட்டேன். இன்னாத்துக்கு அந்த வீட்டுக்கு வரணும்?'னுட்டான். பெங்களூருக்குப் போறானாம். கையைப் புடிச்சு இழுத்தேன். உதறிட்டுப் பஸ் ஏறிட்டான். பஸ்ஸு கெளம்பறப்போ ஜன்னல் வழியா இதைக் குடுத்தான்."

ஜானி பாஷா பையிலிருந்து நாய்ச் சங்கிலியை எடுத்துத் தரையில் வைத்தார். வைத்த சத்தத்துக்கு நாய் எழுந்தது. சங்கிலியை முகர்ந்தது. திரும்பத் திரும்ப முகர்ந்தது. வால் உடம்பையே ஆட்டுகிற மாதிரி ஆடிற்று. ஜானி பாஷாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, ஓடிப்போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டது.

"நான் போயி பெங்களூர்ல தேடறேன்," என்றார் அப்பாசாமி. "நாயையும் இட்டுக்கினு போறேன்."

"போங்க," என்றாள் தங்கம்மாள். "மனசு மாறி அவன் இங்க வருவான். நாயும் இல்ல, நீங்களும் இல்லனு உங்களைத் தேடிக்கினு அவன் ஒரு பக்கம் போவான். நான் இங்கியே இருக்கேன். எல்லாரும் தேடுங்க."

ஜானி பாஷா சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

அப்பாசாமி மடித்து வைத்திருந்த பேப்பரை எடுத்து மடியில் விரித்துக்கொண்டார். விரலைச் சொம்புத் தண்ணீரில் தொட்டு, படத்தில் நாயின் தலைமேல் இருந்த பரிவட்டத்தைத் துடைத்தார், மெதுவாக, அடியில் காது இருக்கிறது, வலிக்கக் கூடாது என்பது மாதிரி. மை விரலில் வந்தது. இன்னும் கொஞ்சம் துடைத்தார். தாள் நைந்து, இடது காது இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை விழுந்தது.

வெளியே தெருமுனையில் ஏதோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது. வாசற்படியில் பாதிக் காது நிமிர்ந்தது.